ஆடும் மேசை

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
விசுவமடுவிலிருந்து வருவான் கீர்த்திபன்.
நெல்லு வெட்டும் மெசின் ஓட்டுகிறவன்.
எவ்வளவு முழுகினாலும்
காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் சுணை மிஞ்சியிருக்கும்.
நான் கரடிப்போக்கில் மருந்துக் கடையைப் பூட்டி
நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு
சந்தியில் நிற்பேன்.

"எங்க போவம்?"
ஒரு வருசமாய்
எங்களிடம் பதில் இல்லாத கேள்வி.

டிப்போச் சந்திக் கடையில் கொத்து திறம்.
ஆனால் ரியூப் லைற் பதினாறு,
ஒவ்வொரு லைற்றுக்குக் கீழும் தெரிந்த முகம்.
"தம்பி, இவர் ஆர்? எந்த இடம்?
கலியாணம் கட்டிட்டாரோ?"
ஒரு சோடா முடியமுன்னம்
அவனுடைய சாதகக் குறிப்பைக் கேட்டுவிடுவார்கள்.

புதிதாய்த் திறந்த குளிரூட்டிய கடையில்
பலகை அடித்த சின்னச் சின்ன அறைகள்,
பூப்போட்ட திரை,
வாசலில் 'குடும்பங்களுக்கு மட்டும்'.
பரிமாறும் பெடியன் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.
"அக்காமார் பிறகு வருவினமோ?"
"பஸ் பிந்துது" என்றான் கீர்த்திபன்.
அப்படியே திரும்பி வந்துவிட்டோம்.
பரந்தன் மட்டும் என் முதுகில்
அவன் சிரிப்பு அதிர்ந்தது.
பிறகு அதிரவில்லை.

பியர்க் கடையில் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை.
அங்கே ஆம்பிளைகள் கட்டிப்பிடித்து அழலாம்,
கன்னத்தில் கொஞ்சலாம்.
விடிந்து வெறி முறிந்தால்
ஒன்றும் நடக்கவில்லை.
நாங்கள் குடிப்பதில்லை.
வெறியில்லாமல் ஒரு கையைப் பிடிக்க
எந்தக் கடைக்குப் போவது?

"மெசினுக்குள்ள கல்லு வந்தா
எனக்குச் சத்தத்தில தெரியும்" என்பான் அவன்,
"கடையும் அப்பிடித்தான்.
கால் வைச்ச உடன தெரியும்."
எத்தனை கடையில் அப்படிக்
கால் வைத்து எடுத்தோம்.

மாங்குளம் வரை போனது பசியில்தான்.
முறிகண்டியில் வாங்கிய ஒரு சரை கச்சான்
இருவருக்கும் காணவில்லை.
ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் நாலாவது கடை.
தகரக் கூரை. பெயர்ப் பலகையில்
பாதி எழுத்து மழையோடு போய்விட்டது.
காசு மேசையில் ஒரு பெண்.
ஜெபமலர் என்று பிறகுதான் தெரியும்.
கணக்குக் கொப்பியிலிருந்து நிமிர்ந்து
அவனைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒரே சரைக்குள் போய்வந்த இரண்டு கைகளைப் பார்த்தார்.

"அந்த மூலை மேசை ஆடும்" என்றார்.
"ரெண்டு பேரும் ஒரு பக்கமா இருந்தாத்தான் ஆடாது."

இருந்தோம்,
முழங்காலோடு முழங்கால் முட்ட.
புட்டு வந்தது. குளத்து யப்பான் மீன் பொரியல் வந்தது.
முள்ளெடுத்து என் கோப்பையில் வைத்தான்.
கீர்த்திபன் இவ்வளவு மெதுவாய்ச் சாப்பிடுவான் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.

பார்சலுக்கு நின்ற லொறிக்காரர்
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"என்னண்ணை, மீனோ கோழியோ?"
ஜெபமலரின் குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது.
"கோழி."
"அப்ப கோழியைப் பாருங்கோ."

அவன் கைகழுவப் போன நேரம்
மேசையின் இந்த மூலையை அழுத்தினேன்.
அந்த மூலையை அழுத்தினேன்.
எழும்பி நின்று, உள்ளங்கை இரண்டையும் ஊன்றி
என் பாரம் முழுவதையும் கொடுத்துப் பார்த்தேன்.
சீமெந்துத் தரையில் நாலு கால்களும்
நட்டுவைத்த மாதிரி நின்றன.

காசு கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணினார்.

திரும்பும் வழியில், கொக்காவில் கோபுரத்தின்
சிவப்பு வெளிச்சம் தெரிந்தபோது,
தோளில் நாடியை வைத்துக் கீர்த்திபன் சொன்னான்:
"நல்ல மனுசி. வாற முறை
ஒரு மரத்துண்டு சீவிக்கொண்டு வாறன்,
அந்த மேசைக் காலுக்குக் குடுக்க."

"வேண்டாம்" என்றேன்.
"ஆடட்டும்."